கைவிடப்பட்ட குதிரைகளைத் தேற்றித் தத்துக் கொடுக்கும் காப்பகம்: ஒரு மதிப்புரை

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், கோவைக்கும் உடுமலைக்கும் இடைப்பட்ட பகுதியில் இயங்கும் ஒரு சிறிய காப்பகம், பட்டினியாலும் காயத்தாலும் நலிந்து கைவிடப்பட்ட குதிரைகளை மீட்டுத் தேற்றி, வளர்க்கத் தகுதியும் இடமும் உள்ளவர்களுக்குத் தத்துக் கொடுக்கிறது. அங்கிருந்து ஒரு செவலை மட்டக்குதிரையைப் பெற்று வளர்த்துவருபவன் என்ற முறையில், அந்தச் சேவை எதில் சிறந்திருக்கிறது, எதில் குறைபடுகிறது என்பதை இங்கே எழுதுகிறேன். காப்பகத்தின் பெயரை எழுதவில்லை. பெயர் பரவினால் வேண்டாத குதிரைகளை இரவோடு இரவாகக் கொண்டுவந்து வாசலில் கட்டிவிட்டுப் போவார்கள் என்று நிர்வாகி கேட்டுக்கொண்டார். அந்த அச்சம் நியாயமானது. உண்மையான அக்கறையோடு தேடுபவர்களுக்கு அப்பகுதிக் கால்நடை மருத்துவர்களே வழி சொல்வார்கள்.

உதகை, கொடைக்கானல் ஏரிக்கரைகளிலும் மெரினா மணலிலும் சவாரிக் குதிரைகளைப் பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. ஊர்வலத்துக்கும் பந்தயத்துக்கும் குதிரை வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். நன்றாகப் பராமரிப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால், கால் நொண்டிய பிறகோ வயதான பிறகோ தெருவில் அவிழ்த்துவிடப்படும் குதிரைக்குக் குப்பைமேட்டைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தையில், கத்தியவாரி, மார்வாரிக் குதிரைகளைக் காண அத்தனை கூட்டம் கூடுகிறது. அந்தக் குதிரைகளின் கடைசிக் காலம் எங்கே கழிகிறது என்று கேட்பவர்கள் அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்ற எண்ணம் எனக்கு எப்போதும் உண்டு.

எங்களிடம் வந்திருப்பது சவாரி வேலையில் தேய்ந்துபோன ஒரு பெண் குதிரை. மீட்கப்பட்டபோது எடுத்த படங்களைக் காப்பகத்தார் மறைக்காமல் காட்டினார்கள். விலா எலும்புகளைத் தனித்தனியாக எண்ணலாம். இடுப்பெலும்பு தோலைக் குத்திக்கொண்டு நின்றது. சேணம் அமரும் இடத்தில் ஆறாத புண். குதிரையின் உடல்நிலையை அளக்க டெக்சாஸைச் சேர்ந்த ஆய்வாளர் ஹென்னெக் 1983ஆம் ஆண்டில் வகுத்த முறையை இவர்கள் பின்பற்றுகிறார்கள். கழுத்து, தோள், முதுகுமேடு, விலா, இடுப்பு, வாலின் அடி ஆகிய ஆறு இடங்களையும் கையால் தடவிப் பார்த்து, 1 முதல் 9 வரை மதிப்பெண் இடுவது அந்த முறை. எலும்பும் தோலுமானது 1. மிகக் கொழுத்தது 9. எங்கள் குதிரை 1இல் வந்து 4க்கு ஏறிய பிறகுதான் தத்துக் கொடுக்கும் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஒவ்வொரு வாரமும் குறித்த ஏடு அதனுடனேயே எங்களுக்கு வந்தது. நிலையைக் கேட்டால் “இப்ப தேவலைங்க” என்ற ஒரு சொல்லோடு முடித்துக்கொள்ளும் இடங்களையே பார்த்துப் பழகிய எனக்கு, இந்தப் பதிவேடு ஒன்றே இவர்கள் மீது நம்பிக்கை வரப் போதுமானதாக இருந்தது.

இந்தக் காப்பகத்தின் உண்மையான திறமை தீவனத்தில் தெரிகிறது. பட்டினி கிடந்த குதிரையைக் கண்டதும் கொள்ளை வேகவைத்து வாளி வாளியாக வைக்கத்தான் நம் கை போகும். அந்த இரக்கமே அதைக் கொன்றுவிடக்கூடும். நெடுநாள் பட்டினிக்குப் பிறகு மாவுச்சத்து திடீரென்று உள்ளே போனால் இன்சுலின் பெருகி, இரத்தத்தில் மிஞ்சியிருக்கும் பாஸ்பரஸ், மெக்னீசியம், பொட்டாசியம் ஆகியவற்றைத் திசுக்களுக்குள் இழுத்துக்கொள்ளும். இதயமும் மூச்சும் தளர்ந்து, உணவு கிடைத்த சில நாள்களுக்குள்ளேயே குதிரை இறந்துபோகக்கூடும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் இதைப் பற்றி நடந்த ஆய்வு, தானியத்தை விலக்கிவிட்டுக் குதிரைமசால் என்னும் பயறுவகைத் தீவனத்தைச் சிறிது சிறிதாகக் கொடுப்பதே பாதுகாப்பானது என்று காட்டியது. முதல் மூன்று நாள்கள் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சுமார் அரைக் கிலோ உலர்ந்த குதிரைமசால்; அதன்பின் அளவை மெல்லக் கூட்டி, வேளைகளைக் குறைத்து, பத்து நாள்கள் கழிந்த பிறகே வயிறு நிறையக் கொடுப்பது என்பது அதன் முறை. பெரிய குதிரைகளுக்குச் சொல்லப்பட்ட இந்த அளவை நம் மட்டக்குதிரைகளின் எடைக்கேற்பக் குறைத்து, நடு இரவிலும் ஆள் விழித்திருந்து கொடுக்கிறார்கள். இழந்த எடை திரும்ப மூன்று முதல் ஐந்து மாதங்கள் ஆகும் என்பதால், இங்கே யாரும் அவசரப்படுவதில்லை. சேர்ந்தாற்போல் பல குதிரைகளை மீட்டுப் படம் போட்டு நன்கொடை திரட்டும் பழக்கமும் இவர்களுக்கு இல்லை; லாயத்தில் இடமிருந்தால்தான் அடுத்ததை ஏற்கிறார்கள்.

தத்துக்கு விண்ணப்பித்தவுடன் குதிரை வீட்டுக்கு வந்துவிடும் என்று எண்ணுபவர்கள் ஏமாந்துபோவார்கள். முதலில் எங்கள் தோட்டத்தை வந்து பார்த்தார்கள். முள்கம்பி வேலி இருந்த பக்கத்தை மாற்றச் சொன்னார்கள். பக்கத்துத் தோட்டத்து எல்லையில் பூத்திருந்த அரளியைக் குதிரையின் வாய் எட்டுமா என்று அளந்து பார்த்தார்கள். அரளியின் சில இலைகளே குதிரையைச் சாய்க்கப் போதுமானவை. நான் சிறிதும் எதிர்பாராத கேள்வி, கோழித்தீவனத்தை எங்கே அடுக்கி வைக்கிறீர்கள் என்பது. கறிக்கோழித் தீவனத்தில் இரத்தக்கழிச்சல் நோயைத் தடுக்கச் சேர்க்கப்படும் மோனென்சின் போன்ற மருந்துகள் கோழிக்குத் தீங்கு செய்வதில்லை, ஆனால் குதிரையின் இதயத் தசையை அழித்துவிடும். பல்லடம் முதல் பொள்ளாச்சி வரை வீட்டுக்கு வீடு கோழிப்பண்ணை உள்ள வட்டாரத்தில் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் குதிரையை அனுப்புவது எத்தனை ஆபத்து என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

பசுந்தீவனத்திலும் இதே கவனம். மாட்டுக்கென்று போட்டிருக்கும் கோ-4 கம்பு நேப்பியர் புல்லையே குதிரைக்கும் வெட்டிப் போட்டால் போதும் என்று நினைத்திருந்தோம். காப்பகத்தின் மேலாளர் தலையசைத்து, “அதை மட்டும் போட்டு வளர்த்தாதீங்கண்ணா, எலும்பு கெட்டுப்போகுமுங்க” என்றார். நேப்பியர் போன்ற புற்களில் உள்ள ஆக்சலேட், சுண்ணாம்புச்சத்தை உடலில் சேரவிடாமல் பிடித்துக்கொள்கிறது. மாட்டின் முதல் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடும். குதிரைக்கு அந்த வசதி இல்லை. அத்துடன் பாஸ்பரஸ் மிகுந்த தவிட்டையும் அள்ளி வைத்தால் உடம்பு எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுக்கத் தொடங்கி, நாளடைவில் முகத்து எலும்பு புடைத்துவிடும். ஆகவே, அருகு முதலிய மேய்ச்சல் புல், சோளத்தட்டு, குதிரைமசால், தாது உப்பு என்று கலந்து கொடுக்கும் அட்டவணையை எழுதிக் கொடுத்தார்கள். கொள்ளு, உடல் தேறிய பிறகு, ஊறவைத்து வேகவைத்து, கைப்பிடியளவிலிருந்து தொடங்கவேண்டும்.

குளம்பைப் பற்றியும் சொல்லவேண்டும். எங்களிடம் வந்தபோது அதன் முன்னங்கால் குளம்பின் நடுவே குறுக்காக ஒரு வரி ஓடியிருந்தது. வரிக்குக் கீழே குளம்பு வறண்டு, விளிம்பு பிளந்து, சாம்பல் நிறத்தில் இருந்தது. மேலே வழவழப்பாகவும் கறுப்பாகவும் இருந்தது. வயிறாரத் தீவனம் கிடைக்கத் தொடங்கிய காலத்தில் விழுந்த வரி அது என்று லாடக்காரர் விரல் வைத்துக் காட்டினார். குளம்பு மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டருக்குள்தான் வளரும். மேல் விளிம்பில் முளைத்தது நுனிக்கு இறங்க ஓராண்டு வரை ஆகும். ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை அவர் வந்து செதுக்கச் செதுக்க, அந்த வரி மெல்ல நுனியை நோக்கி இறங்கியது. தொடக்கத்தில் காலைத் தூக்கவே விடாமல் நடுங்கி நின்ற குதிரை, இப்போது அவர் தோளைத் தொட்டதும் தானே எடையை மறுபக்கம் மாற்றிக் காலைக் கொடுக்கிறது. லாடக்காரரைக் காப்பகமே ஏற்பாடு செய்து அனுப்புவது பெரிய உதவி, ஏனென்றால் இந்த வட்டாரத்தில் மாட்டுக்கு லாடம் அடிக்கத் தெரிந்தவர் கிடைப்பார். குதிரைக் குளம்பைச் சீராகச் செதுக்கத் தெரிந்தவர் கிடைப்பது அரிது.

குறைகளுக்கு வருகிறேன். சர்ரா என்னும் இரத்த ஒட்டுண்ணி நோய்க்கும் கிளாண்டர்ஸ் என்னும் பாக்டீரியா நோய்க்கும் இரத்தப் பரிசோதனை செய்த சான்று, ரணஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசி, குடற்புழு நீக்கம் எல்லாம் ஒழுங்காக இருந்தன. கிளாண்டர்ஸ் மனிதருக்கும் தொற்றும் என்பதால் அந்தச் சான்றைப் பார்க்காமல் எங்கிருந்தும் குதிரை வாங்கக்கூடாது. ஆனால், பற்களைப் பற்றிய பக்கம் வெறுமையாக இருந்தது. வந்த சில வாரங்களில் குதிரை மென்ற புல்லை உருண்டையாக வாயிலிருந்து உதிர்க்கத் தொடங்கியது. கடைவாய்ப் பற்களின் ஓரம் கூராகிக் கன்னத்தின் உட்புறத்தைக் கிழித்திருந்தது. குதிரையின் பற்கள் வாழ்நாள் நெடுக ஈறிலிருந்து மேலேறிக்கொண்டே இருப்பவை என்பதால், ஆண்டுக்கொருமுறையாவது பார்த்து அரம் கொண்டு ராவவேண்டும். தேறவேண்டிய விலங்கைப் பொறுத்தவரை இது சிறிய விடுபடல் அன்று. சொன்னவுடன் மருத்துவரை அனுப்பிக் கட்டணமின்றிச் சரிசெய்தார்கள் என்பதையும் எழுதியாகவேண்டும். குதிரையை ஏற்றிவர அனுப்பிய வண்டியும் எனக்குத் திருப்தி தரவில்லை. தடுப்புப் பலகையோ காலுக்கடியில் வழுக்காத விரிப்போ இல்லாத சரக்கு வண்டி, பயந்த விலங்குக்கு ஏற்றதன்று. தவிர, கையேட்டின் மருத்துவப் பகுதி இன்னும் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. அன்றாடம் குதிரையைப் பார்த்துக்கொள்பவர் எங்கள் தோட்டத்து மூர்த்தியண்ணன். வயிற்றுவலியின் அறிகுறிகளை அவர் தானாகப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டாமா? வாந்தியெடுக்க இயலாத விலங்கு அது. வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, தரையை உதைப்பது, லத்தி போடாமலிருப்பது ஆகியவற்றை முதலில் காண்பவர் அவர்தான்.

ஒப்பந்தத்தைப் பலர் கெடுபிடி என்பார்கள். நான் அதையே இந்தச் சேவையின் முதுகெலும்பு என்பேன். குதிரை கடைசிவரை காப்பகத்தின் உடைமை. விற்கவோ கைமாற்றவோ, இனப்பெருக்கத்துக்கு விடவோ, ஊர்வலத்துக்கு வாடகைக்கு அனுப்பவோ கூடாது. எப்போது வேண்டுமானாலும் சொல்லாமல் வந்து பார்ப்பார்கள்; நம்மால் முடியாமல் போனால் காரணம் கேட்டுக் கடிந்துகொள்ளாமல் திரும்ப ஏற்றுக்கொள்வார்கள். குதிரையைத் தனியாக விடுவதுமில்லை. கூட்டமாக வாழும் விலங்கு என்பதால், வேறு குதிரை இல்லாத இடத்துக்கு ஒரு வயதான கழுதையையும் சேர்த்தே அனுப்புகிறார்கள். எங்கள் வீட்டில் முதலில் முகம் சுளித்தவர்கள், குதிரை தீவனத்தில் வாய் வைக்குமுன் கழுதை பக்கத்தில் இருக்கிறதா என்று திரும்பிப் பார்ப்பதைக் கண்ட பிறகு, அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார்கள்.

தத்துக்கென்று பெரிய தொகை எதுவும் வாங்குவதில்லை. ஆனால், மாதச் செலவு ஒரு கறவை மாட்டின் செலவைவிடக் கூடுதலாகவே வரும். பால் வரவு போல எதுவும் திரும்ப வராது. இருநூற்றைம்பது கிலோ எடையுள்ள மட்டக்குதிரைக்கு நாளொன்றுக்கு உலர் நிலையில் ஏறக்குறைய ஐந்து கிலோ தீவனம் வேண்டும். அதைப் பசும்புல்லாகக் கணக்கிட்டால் பலமடங்கு ஆகும். குழந்தைகள் ஏறிச் சுற்ற ஒரு குதிரை வேண்டும் என்பவர்கள் இங்கே விண்ணப்பிக்கவேண்டாம். முதுகில் புண்பட்டு வந்தவற்றில் பெரும்பாலானவை மீண்டும் சேணம் சுமக்கும் நிலையில் இல்லை. நிழலும் தண்ணீரும் நிற்க மேடான தரையும் உள்ள தோட்டக்காரர்கள், நாள்தோறும் வேலைக்கு ஆள் இருப்பவர்கள், பத்துப் பதினைந்தாண்டுப் பொறுப்பை ஏற்கத் தயங்காதவர்கள் தாராளமாக அணுகலாம். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் தோட்ட ஆய்வு தள்ளிப்போகும். ஆகவே ஆவணிக்குள் விண்ணப்பித்துவிடுவது நல்லது. போகும்போது பல் பரிசோதனைச் சான்றையும் தடுப்பு வைத்த வண்டியையும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.