ஈறு தெரியுதுன்னு போடாக்ஸ் போடப் போறவங்க, ஒரு நிமிஷம்

சிரிச்சா மேல் ஈறு நிறையத் தெரியும் எனக்கு. நிச்சயதார்த்தத்துக்கு முன்னாடி சரிபண்ணிக்கலாம்னு மதுரையில ஒரு அழகு சிகிச்சை மையத்துக்குப் போனேன். 12,000 ரூபாய் வாங்கிக்கிட்டு, போடாக்ஸ்ங்கிற தசையைத் தளர்த்துற ஊசியைப் போட்டு, மேல் உதட்டைக் கோணலாக்கி அனுப்பினாங்க. பேரை இங்க போடல. வக்கீல் நோட்டீஸ் போயிருக்கு, அது ஒரு முடிவுக்கு வரட்டும். ஆனா இதே மாதிரி விளம்பரம் இன்னும் பல இடத்துல ஓடுது, அதனால நடந்ததை நடந்தபடி எழுதுறேன்.

போனதும் செல்போன்ல ஒரு போட்டோ. "சிரிங்க மேடம்." அதோட பரிசோதனை முடிஞ்சுது. ஸ்கேல் வைக்கல, வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பாக்கல. கர்ப்பமா இருக்கீங்களா, பால் குடுக்குறீங்களா, தசை பலவீனம் மாதிரி வியாதி ஏதும் உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுறீங்க, ஒண்ணும் கேக்கல. இந்த மருந்துக்கு முன்னாடி கேட்டே ஆகவேண்டிய கேள்விங்க இதெல்லாம்.

வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பொண்ணு, மருந்து ஏத்தின சிரிஞ்சைத் தட்டுல வச்சுக் கொண்டுவந்துச்சு. பாட்டிலைக் காட்டுங்கன்னேன். "ஃபிரிட்ஜ்ல இருக்கு மேடம், அடிக்கடி வெளிய எடுத்தா கெட்டுப்போயிரும்." 2 முதல் 8 டிகிரிக்குள்ள வைக்கிற மருந்துதான், ஒத்துக்கிறேன். அதுக்காக லேபிள்ல இருக்கிற கம்பெனி பேரையும் காலாவதித் தேதியையும் ஒரு நிமிஷம் காட்டினா உருகிடுமா? மருந்து எத்தனை யூனிட் (அதுதான் இதோட அளவு) போடுவீங்கன்னு கேட்டா, "அதெல்லாம் பேக்கேஜ்ல வந்துரும்."

மூக்கு மடலுக்குப் பக்கத்துல இங்கிட்டு ஒரு ஊசி, அங்கிட்டு ஒரு ஊசி. அதுக்கப்புறம்தான் கூத்து. பேக்கேஜோட ஃபேஷியல் இலவசமாம். ஊசி போட்ட கையோட படுக்க வச்சு, கன்னத்தை மேலயும் கீழயும் அழுத்தித் தேய்ச்சாங்க. ஊசி போட்ட இடத்தை அன்னைக்குத் தேய்க்கவே கூடாது, மருந்து பக்கத்துத் தசைக்குப் பரவலாம். முகத்துக்கு ஊசி போடுற டாக்டருங்க வழக்கமா சொல்லி அனுப்புறதே அதைத்தான்.

உதட்டை மேல தூக்குற மூணு தசை அந்த இடத்துல ஒண்ணுகூடுது. யோன்செய் பாயிண்ட்னு பேரு, கொரியாவுல இருந்து வந்த பேரு. ஒரு பக்கத்துக்கு ரெண்டு, மூணு யூனிட் போட்டாலே போதும். ஒரு பாட்டில்லயே 50, 100 யூனிட் இருக்கும். நரம்புல இருந்து தசைக்குப் போற சேதியை மருந்து தடுத்துருது, தசை தளர்ந்துருது. அளவோ இடமோ கொஞ்சம் பிசகினா என்ன ஆகும்னு என் மூஞ்சியிலயே பாத்துட்டேன்.

ரெண்டு மூணு நாள்ல சிரிப்பு இடது பக்கம் மட்டும் மேல போக ஆரம்பிச்சுது. வலது பக்கம் தொங்குது. பருத்திப்பால் குடிக்கப் போனா டம்ளர் விளிம்பை உதடு பிடிக்க மாட்டேங்குது, ஓரமா வழிஞ்சு துப்பட்டாவுல சிந்துது. "பாப்பா"ன்னு கூப்பிட்டா பாதி காத்துதான் வருது. அம்மா பக்கவாதம்னு பயந்து, "கெளம்புடி, பெரியாஸ்பத்திரிக்குப் போவோம்"னு அழுக ஆரம்பிச்சுட்டாங்க. நிச்சயதார்த்த போட்டோ அத்தனையிலயும் வாயை இறுக்கி மூடிக்கிட்டுதான் நிக்கிறேன்.

மையத்துக்குப் போன் பண்ணினா, "இடது பக்கம் ஒரு டச்சப் போட்டா சமமாயிரும், 4,000 ஆகும்"னு சொல்றாங்க. அதாவது நல்லா இருக்கிற பக்கத்தையும் தொங்கவிடணும், அதுக்குக் காசும் நானே குடுக்கணும்! இதை உடனே முறிக்க மருந்து கிடையாது. மூணு, நாலு மாசத்துல தானா குறையும், அதுவரைக்கும் பொறுத்துக்கணும்.

இதைவிட வயித்தெரிச்சல், அப்புறம் பல் மருத்துவத்துல எம்.டி.எஸ். மேல்படிப்பு முடிச்ச ஈறு ஸ்பெஷலிஸ்ட் ஒருத்தர்கிட்ட போனப்போ தெரிஞ்சது. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவுல மெல்லிசா ஒரு கம்பியை விட்டு ஒவ்வொரு பல்லா அளந்தார், எக்ஸ்ரே எடுத்தார். மேல் முன்பல்லு சராசரியா 10, 11 மில்லிமீட்டர் உயரம் தெரியணுமாம். எனக்கு 7தான் வெளிய தெரியுது, மிச்சத்தை ஈறு மூடியிருக்கு. "உங்களுக்கு உதட்டுத் தசையில கோளாறே இல்லம்மா"ன்னார். அதிகமா இருக்கிற ஈறை வெட்டிச் சரிபண்ண வேண்டிய கேஸ் நான். போடாக்ஸுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்ல.

ஈறு தெரியுறதுக்குக் காரணம் ஆளுக்கு ஆள் மாறும். தசை உதட்டை ரொம்பத் தூக்கினா மட்டும்தான் இந்த ஊசி பிரயோஜனம், அதுவும் சில மாசத்துக்குத்தான். மேல்தாடை எலும்பே நீளமா இருந்தா பல்லுக்குக் கிளிப்போ, ஆபரேஷனோ தேவைப்படலாம். வலிப்புக்குக் குடுக்கிற ஃபெனிட்டாயின், பிரஷருக்குக் குடுக்கிற அம்லோடிபின் மாதிரி மாத்திரையாலயும் சிலருக்கு ஈறு வீங்கும். அதனால அளந்து பாக்காம ஊசியை எடுக்கிற இடமா இருந்தா, அட்வான்ஸ் கட்டியிருந்தாலும் பரவாயில்லன்னு எந்திரிச்சு வந்துருங்க. போட்டுத்தான் ஆகணும்னா டாக்டர் பேர், பதிவு எண், மருந்து பேர், பேட்ச் நம்பர், யூனிட் எல்லாம் பில்லுல எழுதித் தரச் சொல்லுங்க. என் பில்லுல "பியூட்டி பேக்கேஜ்"னு மட்டும்தான் இருக்கு, இப்போ வக்கீல் தலையைச் சொறியறதே அதனாலதான்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல ரெண்டு வருஷத்துக்குள்ள புகார் குடுக்கலாம். நாம கட்டின தொகை 5 லட்சம் வரைக்கும் இருந்தா கட்டணம் கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் பண்ணியும் கேக்கலாம். மதுரையில இதே மாதிரி "பியூட்டி பேக்கேஜ்" பில் கையில வச்சிருக்கிறவங்க இருந்தா இன்பாக்ஸ்ல வாங்க. பில்லைத் தூக்கிப் போட்டுறாதீங்க, ஊசிக்கு முன்னாடி எடுத்த போட்டோவையும் அழிச்சிறாதீங்க.