340 டாலர் போனது: பழைய 303 துப்பாக்கிக்குக் குண்டும் வெடிமருந்தும் வாங்குவோர் கவனிக்க

வேட்டைச் சாமான்களைத் தனியாட்கள் விற்கும் ஓர் இணையச் சந்தையில் போன சனிக்கிழமை 340 டாலரை இழந்தேன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

என்னுடையது டொராண்டோவை ஒட்டிய லாங் பிராஞ்ச் ஆலையில் 1943-இல் செய்த லீ-என்ஃபீல்ட். நம் ஊர்ப் போலீஸ்காரர் தோளில் பல காலம் தொங்கிய அதே 303 குடும்பம். ஒன்டாரியோ மான் வேட்டைக்கு அதற்கு நானே தோட்டா நிரப்பிக்கொள்கிறேன். 180 கிரெயின் எடையுள்ள குண்டு 300, '4895' என்ற வெடிமருந்து இரண்டு டப்பா, மொத்தம் 340 டாலர் என்று விளம்பரம். வெடிமருந்தைத் தபாலில் அனுப்பக் கூடாது என்பதால் இரண்டு மணி நேரம் கார் ஓட்டிப் போனேன்.

விற்றவர் ஒரு பெரியவர். தன் பேரனோடு மூஸ் மான் அருகில் நிற்கும் படத்தைக் காட்டினார். "எனக்கும் இதே துப்பாக்கிதான், கண் மங்கிவிட்டது, அதனால் விற்கிறேன்" என்றார். குண்டுப் பெட்டிகள் மேல் .311 என்று, அதாவது குண்டின் விட்டம் அங்குலத்தில், அச்சிட்டிருந்தது. பிரித்துப் பார்க்க எனக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்தின் விலைதான் 340 டாலர்.

வீட்டில் ஒரு குண்டை எடுத்துத் தோட்டாவின் பித்தளைக் கூட்டின் வாயில் வைத்தேன். அழுத்தவே இல்லை; கிணற்றில் கல் விழுந்ததுபோல் உள்ளே போய்விட்டது. மைக்ரோமீட்டரில் பிடித்தால் .308. மூன்று பெட்டியிலும் அதேதான். பழைய பெட்டியில் வேறு குண்டைக் கொட்டி ஒட்டியிருக்கிறார். மருந்து டப்பாவின் மூடியைத் திறந்தால் உள்ளே முத்திரைத் தாள் கிழிந்திருந்தது. வெள்ளைத் தாளில் கொஞ்சம் கொட்டினேன். 4895 சின்னச் சின்னக் குச்சியாக இருக்க வேண்டும். குச்சிகளுக்கு நடுவே பளபளவென்று உருண்டை மணிகள்! இரண்டு மருந்தை யாரோ கலந்திருக்கிறார்கள். கலந்த மருந்து எவ்வளவு வேகத்தில் எரியும் என்று எந்த அட்டவணையும் சொல்லாது. லீ-என்ஃபீல்டில், தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்து நிற்கும் போல்ட்டைத் தாங்கும் பூட்டு பின்பக்கம் இருக்கிறது. அதிக அழுத்தத்துக்கு ஏற்ற அமைப்பு இல்லை. அதை என் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்தா சுடுவது?

பெரியவரைப் போனில் கூப்பிட்டேன். முதலில் "உங்கள் கருவி சரியில்லை" என்றார். மறுநாள், "துப்பாக்கி 303, குண்டு 308, பெரியதாகத்தானே கொடுத்திருக்கிறேன்" என்றார்! குழாய்க்குள் குண்டைச் சுழற்ற மேடும் பள்ளமுமாக வரிகள் உண்டு; 303 என்பது அதில் மேட்டுக்கு மேடு அளவு. குண்டு பள்ளத்தை நிறைக்க வேண்டும், அதற்கு .311 வேண்டும். .308 போட்டால் சுழற்சி சரியாகப் பிடிக்காமல் குண்டு எங்கோ போகும். வேட்டைக்காரர் என்று சொல்லிக்கொள்பவருக்கு இது தெரியாதா? மூன்றாம் நாள் போனையே எடுக்கவில்லை. சந்தைக்காரர்களுக்கு எழுதினேன். "நாங்கள் இருவரையும் அறிமுகம் செய்வதோடு சரி" என்று இரண்டு வரி. புகாரை முடித்தும் விட்டார்கள். 340 டாலர்!

விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. இவ்வளவுதான்: முத்திரை உடைந்த மருந்து இனாமாகக் கிடைத்தாலும் வேண்டாம். 4895 என்ற எண்ணை மட்டும் நம்பாதீர்கள், அதே எண்ணில் இரண்டு மருந்து உண்டு: ஐ.எம்.ஆர். 4895 வேறு, எச் 4895 வேறு, ஒன்றின் அளவை மற்றதற்குப் போடக் கூடாது. போகும்போது மைக்ரோமீட்டரைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். போர்க்காலக் குழாய்கள் ஒன்றுபோல் இருக்காது, ஈயக் கட்டியை உள்ளே தள்ளி அளந்த பிறகே குண்டு வாங்குங்கள்.

இன்று காலை பார்த்தேன். அதே மூஸ் மான் படம், அதே .311 பெட்டி, புது விளம்பரம். விலை 360 டாலர்.