ஒரு கொடுப்பனவு ஆலோசனை நிலையமும் அண்ணாவின் இரண்டு வரி ஆண்டுகளும்

லண்டனில் நாங்கள் வசிக்கும் பகுதியின் நூலகக் கட்டடத்தில் ஒரு தொண்டு அமைப்பு நடத்தும் இலவச கொடுப்பனவு ஆலோசனை நிலையத்தை, 2025ஆம் ஆண்டில் என் அண்ணாவுக்காக ஐந்து முறை நாடினோம். அங்கே கிடைத்த உதவி எத்தகையது, எங்கே குறை இருந்தது என்பதை, நோயினாலோ உடற்குறையினாலோ வேலையை விட நேர்ந்த நம்மவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

அண்ணாவுக்குப் போர்க்காலக் காயத்தால் ஒரு கால் பழுதுபட்டது. முன்பு டி.எல்.ஏ. (DLA) என்னும் பழைய உடற்குறைக் கொடுப்பனவைப் பெற்றுவந்தவர், 2018இல் அதற்குப் பதிலாக வந்த பி.ஐ.பி. (PIP) கொடுப்பனவுக்கு மாற்றப்பட்டார். பழைய முறையில் நடமாட்டத்திற்கு உயர் வீதம் பெற்றவருக்குப் புதிய முறையில் சாதாரண வீதமே கிடைத்தது. ஊன்றுகோலுடன் 20 மீற்றருக்கு மேல், ஆனால் 50 மீற்றருக்கு மேற்படாமல் நடக்கக்கூடியவருக்குப் பி.ஐ.பி.யில் 10 புள்ளிகள்; உயர் வீதத்துக்கு 12 புள்ளிகள் வேண்டும். அன்றிலிருந்து, இனி எதைக் கேட்டாலும் இருப்பதையும் குறைத்துவிடுவார்கள் என்ற அச்சம் எங்கள் வீட்டில் குடிகொண்டுவிட்டது.

2024 நவம்பரில் கால்வலி முற்றி, பகுதிநேர வேலையையும் அவரால் தொடர முடியாமற்போனது. தொலைபேசியில் விசாரித்தபோது, அண்ணி வேலை செய்கிறார், சேமிப்பும் 16,000 பவுணுக்கு மேல் இருக்கிறது, ஆகவே எதுவும் கிடைக்காது என்றார்கள். குடும்ப வருமானத்தையும் சேமிப்பையும் பார்த்து வழங்கப்படும் யூனிவர்சல் கிரெடிட்டைப் பொறுத்தவரை அந்தப் பதில் சரியானதுதான். ஆனால் வேலை செய்த காலத்தில் சம்பளத்திலிருந்து தேசியக் காப்புறுதிக்குச் செலுத்திய பங்களிப்பின் அடிப்படையில், நோயால் வேலை செய்ய முடியாதவர்களுக்குக் கிடைக்கும் புதிய முறை ஈ.எஸ்.ஏ. (ESA) என்று ஒன்று இருப்பதையும், அது மனைவியின் வருமானத்தையோ சேமிப்பையோ பார்ப்பதில்லை என்பதையும் அந்தக் குரல் சொல்லவில்லை. ஓர் உறவினர் சொல்லி, டிசம்பரில் நாங்களாகவே அதற்கு விண்ணப்பித்தோம். போதிய பங்களிப்பு இல்லை என்று ஜனவரி தொடக்கத்தில் மறுப்புக் கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தோடுதான் நிலையத்துக்குப் போனோம்.

முதல் சந்திப்பு நன்றாக அமையவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். அதற்கே 19 நாட்கள் காத்திருந்தோம். தொலைபேசி வழியாக ஏற்பாடு செய்யப்பட்ட மொழிபெயர்ப்பாளர், பங்களிப்பு என்ற சொல்லை "நன்கொடை" என்று பெயர்த்தார். "நான் ஒருவருக்கும் நன்கொடை கொடுத்ததில்லை" என்று அண்ணா பதில் சொல்ல, அது அப்படியே ஆங்கிலத்துக்குப் போய், இவர் தேசியக் காப்புறுதி கட்டியதே இல்லை என்ற பொருளைத் தந்துவிட்டது. நான் இடையில் புகுந்து திருத்தியிராவிட்டால் அன்றே கோப்பு மூடப்பட்டிருக்கக்கூடும். ஒரு தவறான சொல் ஒருவருடைய வாழ்வாதாரத்தையே மாற்றிவிடக்கூடிய இத்தகைய இடத்தில், கொடுப்பனவுத் துறையின் சொற்களை அறிந்த மொழிபெயர்ப்பாளரை மட்டுமே அமர்த்த வேண்டும் என்று நிலையத்துக்கு எழுத்திலும் தெரிவித்திருக்கிறேன்.

அதன்பின் ஆலோசகர் அம்மையார் செய்த வேலைக்காகத்தான் இந்த நிலையத்தை மனமாரப் பரிந்துரைக்கிறேன். மறுப்புக் கடிதத்தையும், அரசாங்க இணையத்தளத்திலிருந்து நாங்கள் அச்சிட்டுக் கொண்டுபோன தேசியக் காப்புறுதிப் பதிவையும், அண்ணாவின் சம்பளச் சீட்டுகளையும் மேசையில் அருகருகே வைத்தார். சீட்டில் தேசியக் காப்புறுதிக்கு நேரே 0.00 என்று இருந்தது. வாரம் 180 பவுண் சம்பளத்தில் அவரிடமிருந்து எதுவும் பிடிக்கப்படவில்லை. அதனால்தான் அவர் கட்டவே இல்லை என்று நாங்கள் அனைவரும் எண்ணியிருந்தோம். அம்மையாரோ அந்தப் பூச்சியத்தின் மேல் பென்சிலை வைத்து, 2023-24ஆம் வரி ஆண்டில் (ஏப்ரல் 6 முதல் மறு ஆண்டு ஏப்ரல் 5 வரை) வாரம் 123 பவுண் என்ற கீழெல்லைக்கு மேல் ஒரே வேலையில் உழைத்தவருக்கு, கையிலிருந்து பணம் பிடிக்கப்படாவிட்டாலும் பங்களிப்புச் செலுத்தியதாகவே கணக்கில் ஏறும் என்று விளக்கினார். பகுதிநேர வேலையில் இருக்கும் நம்முடைய பெண்கள் எத்தனை பேர் இதை அறியாமல், தமக்கு உரிமையே இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எண்ணியபோது எனக்கு வேதனையாக இருந்தது.

அப்படியானால் மறுத்தது ஏன்? இந்த இடத்தில்தான் அவருடைய அனுபவம் வெளிப்பட்டது. ஈ.எஸ்.ஏ.க்கு ஒருவர் வாழ்நாள் முழுவதும் கட்டியதைப் பார்ப்பதில்லை. கொடுப்பனவு ஆண்டு என்பது ஜனவரியின் முதல் ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறது. அதற்கு முன் முடிந்த இரண்டு முழு வரி ஆண்டுகளே கணக்கில் எடுக்கப்படும். அவற்றுள் ஓர் ஆண்டிலாவது அந்த வாரக் கீழெல்லையின் 26 மடங்கு உழைப்பின் மீது பங்களிப்புச் செலுத்தியிருக்க வேண்டும்; இரண்டு ஆண்டுகளிலும் தனித்தனியே 50 மடங்கு, செலுத்தியதாகவோ, பணம் கட்டாமலே அரசு வரவு வைத்ததாகவோ இருக்க வேண்டும். டிசம்பர் 2024இல், அதாவது 2024 ஜனவரியில் தொடங்கிய கொடுப்பனவு ஆண்டுக்குள், விண்ணப்பித்ததால் 2021-22, 2022-23 ஆகிய ஆண்டுகளைப் பார்த்திருக்கிறார்கள். அம்மாவின் கடைசி மாதங்களில் அண்ணா சம்பளமில்லா விடுப்பில் யாழ்ப்பாணத்தில் இருந்தது 2021-22இல்தான். அந்த ஆண்டுக்குத் தேவையான தொகை அப்போதைய வாரக் கீழெல்லையான 120 பவுணின் 50 மடங்கு, அதாவது 6,000 பவுண். அவர் உழைத்ததோ நாலாயிரத்துக்கும் குறைவு.

"இந்த மறுப்பு சட்டப்படி சரியானது, இதை எதிர்த்து வாதாடி உங்கள் நேரத்தை வீணாக்க வேண்டாம்" என்றார் அம்மையார். மறுபரிசீலனை கேட்பதற்கான ஒரு மாத அவகாசம் ஓடிக்கொண்டிருக்கிறதே என்று பதைத்துக்கொண்டிருந்த எங்களுக்கு அது அதிர்ச்சியாக இருந்தது. ஆனால் அவர் தாளில் 5 ஜனவரி 2025 என்று எழுதி அதன் கீழே கோடிட்டார். அந்த ஞாயிறன்று புதிய கொடுப்பனவு ஆண்டு பிறந்துவிட்டது. இப்போது புதிதாக விண்ணப்பித்தால் 2022-23, 2023-24 ஆகிய ஆண்டுகளையே பார்ப்பார்கள். அவை இரண்டும் நிறைவாக இருக்கின்றன. மூன்று மாதம் வரை முன்தேதியிட்டுக் கேட்கலாம் என்பதால், ஜனவரி 5 முதல் தருமாறு கேட்கவும் வைத்தார். ஒரே மனிதர், ஒரே நோய், ஒரே பதிவு. விண்ணப்பம் விழுந்த மாதம் மட்டுமே வேறு.

இரண்டாவது விண்ணப்பம் ஏற்கப்பட்டு, முதலில் வாரம் 90.50 பவுண் வந்தது. பி.ஐ.பி.யில் ஒரு சதமும் குறையவில்லை. பி.ஐ.பி. பங்களிப்பையும் பார்ப்பதில்லை, வருமானத்தையும் பார்ப்பதில்லை. அது ஒருவருடைய அன்றாட வாழ்வையும் நடமாட்டத்தையும் மட்டுமே அளக்கிறது. பங்களிப்பு வழி ஈ.எஸ்.ஏ. வரிக்கு உட்பட்ட வருமானம், பி.ஐ.பி. அப்படியல்ல என்பதையும் நாங்கள் கேட்காமலே சொல்லித்தந்தார்.

வேலை செய்யும் திறன் பற்றிய வினாத்தாளை நிரப்பிய சந்திப்பு இரண்டு மணி நேரம் நீண்டது. பி.ஐ.பி.யில் உயர் வீதத்தை இழக்கச் செய்த அதே 50 மீற்றர் இங்கே எதிர்மாறாகப் பயன்படும் என்று அவர் காட்டினார். நிற்காமல் 50 மீற்றருக்கு மேல் நடமாட முடியாதவர், அல்லது அத்தூரத்தை நியாயமான நேரத்துக்குள் மீண்டும் மீண்டும் கடக்க முடியாதவர், ஈ.எஸ்.ஏ.யில், வேலைக்குத் தயாராகும்படி கட்டாயப்படுத்தப்படாதவர்களுக்கான ஆதரவுக் குழுவுக்குள் வருவார். "நடக்க முடியும், ஆனால் வலிக்கும்" என்று அண்ணா சொன்னதை அவர் அப்படியே எழுதவில்லை. நூலக வாசலிலிருந்து பேருந்துத் தரிப்பிடம் வரை எத்தனை தடவை நிற்கிறீர்கள், நின்றபின் எத்தனை நிமிடம், திரும்பி வரும்போது எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். ஜூலையில் அண்ணா ஆதரவுக் குழுவில் சேர்க்கப்பட்டார். வாரம் 140.55 பவுண் ஆயிற்று. மதிப்பீட்டுக் காலமான முதல் 13 வாரம் முடிந்த நாளிலிருந்து நிலுவையும் வந்தது. வேலைக்குத் தயாராக வேண்டியவர்களுக்கான மற்றக் குழுவில் இருந்திருந்தால் 365 நாட்களோடு பணம் நின்றிருக்கும். ஆதரவுக் குழுவுக்கு அந்த எல்லை இல்லை.

நிலையத்தின் தொலைபேசி காலையில் பெரும்பாலும் கிடைப்பதில்லை. நேரில் போய் நாள் குறித்துக்கொள்வதே நல்லது. மின்தூக்கி இருக்கிறது, ஆனால் சக்கர நாற்காலியுடன் துணைக்கு ஒருவர் ஏற இடம் போதாது. போகிறவர்கள் முடிவுக் கடிதத்தின் எல்லாப் பக்கங்களையும், தேசியக் காப்புறுதிப் பதிவையும், கடைசி மூன்று வரி ஆண்டுகளின் சம்பளச் சீட்டுகளையும், பூச்சியம் காட்டுகிறதே என்று எதையும் ஒதுக்காமல், எடுத்துச் செல்லுங்கள்.