ஏஆர்டி மாத்திரையோடு 18 வருடம்: எனக்கு என்னென்ன செய்தது

எனக்கு எச்ஐவி. 2007-ல், நோயை எதிர்க்கும் ரத்த அணுக்களான சிடி4-இன் எண்ணிக்கை 140-க்கு இறங்கியபோது, எச்ஐவி கிருமியை அடக்கும் ஏஆர்டி மாத்திரை ஆரம்பித்தேன். ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிரபின் மூன்றும் சேர்ந்தது. காலை ஒன்று, இரவு ஒன்று. என் உயிரைக் காப்பாற்றியது அதுதான். முகத்தைக் கெடுத்ததும் அதுதான்.

முதலில் பாத எரிச்சல். ராத்திரி போர்வை பட்டாலே காந்தும். இரண்டாம் வருடம் கன்னம் ஒட்டிப்போனது, கைகளில் நரம்பு புடைத்துத் தெரிந்தது. சிடி4 ஏறிக்கொண்டே இருந்தது, ரிப்போர்ட்டைப் பார்த்தால் நான் தேறியவன், பார்க்கிறவர்களோ "ஏன் இப்படி இளைச்சுட்டே?" என்று துக்கம் விசாரித்தார்கள். தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பை ஸ்டாவுடின் கரைத்துவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது. 2009-ல் உலக சுகாதார நிறுவனமே அதைப் படிப்படியாகக் கைவிடச் சொன்னது. எனக்கு 2011-ல் மாற்றினார்கள். எரிச்சல் தணிந்தது. கன்னம் திரும்பி வரவில்லை.

அடுத்தது டெனோஃபோவிர், லாமிவுடின், எஃபவிரென்ஸ். ராத்திரி படுக்கும் முன், வெறும் வயிற்றில். கனவென்றால் சாதாரணக் கனவில்லை. செத்துப்போன அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கணக்குக் கேட்பார், விழித்த பிறகும் பதில் தேடிக்கொண்டிருப்பேன். பயந்துபோய் நானாகவே ஒரு வாரம் எல்லாவற்றையும் நிறுத்தினேன். டாக்டர் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. எஃபவிரென்ஸ் மற்ற மருந்துகளைவிட அதிக நாள் ரத்தத்தில் தங்குமாம். அது மட்டும் தனியாக இருக்கும் நாட்களில் கிருமி அதற்குப் பழகி, மருந்தே கேட்காமல் போகலாம். நல்லவேளை, எனக்கு அப்படி ஆகவில்லை. ஒன்றிரண்டு மாதத்தில் கனவும் அடங்கியது.

2020 முதல் எஃபவிரென்ஸுக்குப் பதில் டோலுடெகிராவிர் 50 மில்லிகிராம். கனவில்லை, தலைசுற்றல் இல்லை. ஆனால் எடை ஏழு கிலோ ஏறியது. கன்னத்தில் ஏறியிருக்கக் கூடாதா, எல்லாம் தொப்பையில். முதல் மாதமே, கிட்னி வெளியேற்றும் கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் 0.9-லிருந்து 1.1 ஆனதும் கிட்னி போச்சு என்று நினைத்தேன். கிரியாட்டினின் சிறுநீரில் வெளியேறுவதை இந்த மருந்து கொஞ்சம் தடுக்கிறதே தவிர, கிட்னியைக் கெடுப்பதில்லை என்று விளக்கினார்கள். அதற்குப் பிறகு எண் நகரவில்லை. கிட்னியை உண்மையிலேயே பாதிக்கக்கூடியது டெனோஃபோவிர், அதனால் சிறுநீரில் புரதம் போகிறதா என்று வருடாவருடம் பார்க்கிறேன்.

அதே டெனோஃபோவிர் எலும்பையும் தேய்க்கும். போன ஸ்கேனில் இடுப்பெலும்பு அடர்த்தி குறைவு என்று கால்சியம் எழுதிக் கொடுத்தார்கள். வெறும் வயிற்றில் கால்சியத்தையும் டோலுடெகிராவிரையும் சேர்த்துப் போட்டால் டோலுடெகிராவிர் உடம்பில் சரியாகச் சேராது. நான் சாப்பாட்டோடு இரண்டையும் ஒன்றாகப் போட்டுவிடுகிறேன், அப்படிப் போடலாம்.