மட்ஃப்ளாப்: கழற்றி வைப்பதா, தூக்கிக் கட்டுவதா?

சென்னையிலிருந்து மஹிந்திரா தாரோ மாருதி ஜிம்னியோ எடுத்துக்கொண்டு ஜவ்வாது மலைப் பக்கம் பாறைப் பாதையில் ஓட்டப் போகும் பலருக்கும், டயருக்குப் பின்னால் தொங்கும் சேறு தடுப்பான மட்ஃப்ளாப்பை என்ன செய்வது என்ற இந்தக் குழப்பம் உண்டு. மட்ஃப்ளாப் அதிகம் கிழிவது ரிவர்ஸ் எடுக்கும்போதுதான். பாறையில் தட்டி நிற்கும் ஃப்ளாப் மீது டயர் ஏறி, அதை அப்படியே அடியில் இழுத்துவிடும். சில சமயம் கிளிப்பும் சேர்ந்து பிய்ந்து வரும்.

செலவு
கழற்ற: ஸ்பேனர் போதும்.
கட்ட: கயிறோ மெல்லிய சங்கிலியோ, ஒரு கொக்கி. சென்னையில் வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டில் எளிதாகக் கிடைக்கும்.

சிரமம்
கழற்ற: நம் ஊர்க் கடல்காற்றில் போல்ட் துருப்பிடித்துப் பிடிவாதம் பண்ணும். கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே ஒருமுறை கழற்றி, கிரீஸ் தடவி மாட்டுங்கள்.
கட்ட: ஃப்ளாப்பின் கீழ் மூலையில் ஓட்டை போட்டுவிட்டால் அப்புறம் சில நிமிட வேலைதான்.

பாதுகாப்பு
கழற்றினால் கிழிய எதுவும் இல்லை. ஆனால் சேறும் கல்லும் நேராக பாடியில் அடிக்கும்.
கட்டினால் ரப்பர் மடங்கிக் கொடுக்கும். கெட்டி பிளாஸ்டிக் விரிசல் விடும். கயிறு சைலன்சரையோ பிரேக் ஹோஸையோ தொடவே கூடாது. ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி, டயர் எங்கும் உரசவில்லை என்று பாருங்கள்.

ரப்பர் ஃப்ளாப், நடுநடுவே மண்பாதை என்றால் கட்டுவதே நல்லது. பிளாஸ்டிக் என்றாலோ, நாள் முழுக்கப் பாறை என்றாலோ யோசிக்காமல் கழற்றிவிடுங்கள். தார்ச்சாலை ஏறுமுன் கட்டாயம் திரும்ப மாட்டுங்கள். பின்னால் பைக்கில் வருகிறவர் மேல் கல் தெறிக்கும்.