கடலை எண்ணெயா, பாமாயிலா: ஈரலும் இரத்தக் குழாயும் சொல்லும் கணக்கு

சேலத்துச் சமையலறைகள் பலவற்றில் கடலை எண்ணெயும், ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயிலும் அருகருகே இருக்கின்றன. எது நல்லது என்ற வாதம் பெரும்பாலும் செக்கா, ரீஃபைண்டா என்பதோடு முடிந்துவிடுகிறது. செக்கில் ஆட்டினாலும் ஆலையில் பிழிந்தாலும் கடலை எண்ணெயின் கொழுப்பு அமில விகிதம் ஏறக்குறைய ஒன்றுதான்; செல்களுக்கு முதன்மையானது அந்த விகிதமே.

பாமாயிலில் நிறைவுற்ற கொழுப்பு அமிலமான பால்மிடிக் ஏறத்தாழ 40 விழுக்காடு. கடலை எண்ணெயில் 10 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். நிறைவுறாத கொழுப்பு அமிலமான ஒலீயிக்கோ இரண்டிலும் ஏறத்தாழ 40 விழுக்காடோ அதற்கு மேலோ உண்டு. ஆகவே பாமாயிலை நஞ்சு என்று தள்ளுவோருடன் எனக்கு உடன்பாடில்லை.

ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் ஈரல் செல்களுக்கு ஒலீயிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால், அவை கொழுப்புத் துளிகளால் நிரம்பிவிடும்; ஆயினும் பெரும்பாலானவை பிழைத்திருக்கும். பால்மிடிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் துளிகள் குறைவாகவே தோன்றும், ஆனால் செல்கள் மடியத் தொடங்கும். நிறைவுற்ற பால்மிடிக் அமிலத்தைத் தனியாக ட்ரைகிளிசரைடாக, அதாவது சேமிப்புக் கொழுப்பாக, கட்டி வைப்பது செல்லுக்குக் கடினம். மிஞ்சியதில் ஒரு பகுதி செரமைடு என்னும் தீங்கான கொழுப்புப் பொருளாக மாறுகிறது, இன்னொரு பகுதி செல்லுக்குள் புரதங்களும் கொழுப்புகளும் உருவாகும் இடமான எண்டோபிளாச வலையின் சவ்வில் புகுந்து அதை இறுகச் செய்கிறது, அந்த நெருக்கடி நீடித்தால் செல் தன்னையே அழித்துக்கொள்ளும் சமிக்ஞை எழுகிறது. இரண்டு அமிலங்களையும் சேர்த்துக் கொடுக்கும்போது, ஒலீயிக்கின் துணையால் பால்மிடிக்கும் துளிக்குள் அடைபட்டு, சாவு குறைகிறது. கொழுப்புத் துளி ஓரளவுக்குக் காப்பறையும்கூட என்பதை இது காட்டுகிறது. அதற்காக ஆண்டுக்கணக்கில் கொழுப்பைச் சுமக்கும் ஈரல் தீங்கற்றது என்று கொள்ளக் கூடாது.

மனிதரிடம் நடந்த சோதனையில் கொழுப்பு சேரும் விதம் செல் சோதனையைப் போல இல்லாவிட்டாலும், அதுவும் பால்மிடிக் மிகுந்த எண்ணெய்க்கே எதிராக நிற்கிறது. சுவீடனின் உப்சாலாவில் 39 இளைஞர்களுக்கு 7 வாரம் கூடுதலாக மஃபின் கொடுத்து, ஒரு பிரிவினருக்குப் பாமாயிலிலும் மற்றவருக்குச் சூரியகாந்தி எண்ணெயிலும் அதைச் செய்தார்கள். 2014இல் வெளியான முடிவின்படி இரு பிரிவினருக்கும் எடை ஒரே அளவில் கூடியது. ஈரலில் கொழுப்பு பாமாயில் பிரிவினருக்கே தெளிவாக மிகுந்தது.

இரத்தக் குழாயின் உட்சுவர்ச் செல்கள் நைட்ரிக் ஆக்ஸைடைச் சுரந்து குழாயைத் தளர்த்துகின்றன. மிகையான பால்மிடிக் அமிலம், அதைச் சுரக்கச் சொல்லும் இன்சுலின் சமிக்ஞையை மழுங்கடிக்கிறது. வெள்ளணுக்கள் சுவரில் ஒட்டுவதற்கான மூலக்கூறுகளையும் கூட்டுகிறது. அத்துடன், நிறைவுற்ற கொழுப்பு மிகும்போது ஈரல் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல்லைக் குறைவாகவே இழுத்துக்கொள்வதால், அது இரத்தத்தில் தங்கிக் குழாய்ச் சுவருக்குள் படிகிறது. இந்தக் கணக்கில் கடலை எண்ணெயே மேல் என்பது என் முடிவு.

நல்லெண்ணெயும் அதற்குச் சளைத்ததன்று: ஒலீயிக்கும், இன்னொரு நிறைவுறாத கொழுப்பு அமிலமான லினோலியிக்கும் தலா 40 விழுக்காட்டை ஒட்டி இருக்க, எள்ளுக்கே உரிய செசமின் போன்ற பொருள்களும் சேர்கின்றன. தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 விழுக்காடு நிறைவுற்ற கொழுப்பு என்பதால், அன்றாடச் சமையல் முழுவதற்கும் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எண்ணெயை மட்டும் மாற்றினால் போதாது என்பதற்குக் காரணம் ஈரலிலேயே இருக்கிறது. தேவைக்கு மேல் சோறும் சர்க்கரையும் ஜவ்வரிசிப் பாயசமும் சேரும்போது, மிஞ்சிய மாவுச்சத்திலிருந்து ஈரல் தானே தயாரிக்கும் முதன்மைக் கொழுப்பும் பால்மிடிக் அமிலம்தான்.

பாமாயிலுக்கு உண்மையான ஒரு மேன்மை உண்டு. சூட்டில் எளிதில் ஆக்ஸிஜனேறும் லினோலியிக் குறைவாக இருப்பதால், பொரிக்கும் சூட்டில் அது சூரியகாந்தி எண்ணெயைப் போல விரைவில் கெடுவதில்லை. தட்டுவடை பொரிக்கும் கடைக்காரர் அதை நாடுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பழுப்பேறி, நுரை தள்ளி, பிசுபிசுத்துப்போன எண்ணெய் எதுவானாலும் ஆக்ஸிஜனேற்றப் பொருள்கள் பெருகியதே. எண்ணெய் கெடும்போது உருவாகும் துருவச் சேர்மங்கள் மொத்தம் 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி 2018 முதல் நடைமுறையில் உள்ளது. ரேஷன் பாமாயிலை விட முடியாத வீடுகள் அதை எப்போதாவது பொரிப்பதற்கு வைத்துக்கொண்டு, தாளிப்புக்கும் குழம்புக்கும் தோசைக்கும் கடலை எண்ணெயையோ நல்லெண்ணெயையோ அளவாக ஊற்றலாம்.