கண்ணாடி விளைவு: கிளாஸ் ஃபில்டரா, டிஸ்பிளேஸா?

படத்தின் முன் ஒரு கண்ணாடித் தகடு நிற்பதுபோல் காட்ட, போட்டோஷாப்பில் பலரும் முதலில் தேடிப் போவது ஃபில்டர் கேலரியில் உள்ள ‘கிளாஸ்’. பிளாக்ஸ், கேன்வாஸ், ஃப்ராஸ்டட், டைனி லென்ஸ் என நான்கு பரப்புகள் அதில் தயாராக இருக்கின்றன. டிஸ்டார்ஷன் (சிதைவின் அளவு) 20 வரையும் ஸ்மூத்னஸ் (மென்மை) 15 வரையும் நகரும். இழுக்க இழுக்க முன்னோட்டத்தில் மாற்றம் தெரியும். குளியலறை ஜன்னலில் பார்க்கும் மங்கிய கண்ணாடி வேண்டுமென்றால் ஃப்ராஸ்டட் போதும். ஆனால் அதற்குமுன் ‘காஸியன் பிளர்’ ஃபில்டரால் படத்தைக் கொஞ்சம் மங்கலாக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் மணல் தூவியதுபோல்தான் இருக்கும்.

சிக்கல் பெரிய படங்களில் வருகிறது. பரப்பின் அளவை 200 சதவீதத்துக்கு மேல் பெரிதாக்க முடியாது. இணையத்துக்கான சிறிய படத்தில் அழகாகத் தெரிந்த அதே அமைப்பு, அச்சுக்குப் போகும் 6000 பிக்சல் படத்தில் வெறும் பொடியாகச் சுருங்கிவிடும். நிற விவரம் அதிகமுள்ள 16 பிட் படத்திலும், அச்சுக்கான சிஎம்ஒய்கே நிற முறையிலும் ஃபில்டர் கேலரியே திறக்காது.

பிக்சல்களை இடம் நகர்த்தும் இன்னொரு போட்டோஷாப் ஃபில்டரான ‘டிஸ்பிளேஸ்’ முரட்டு ஆள். முன்னோட்டம் இல்லை, எந்த இடம் எவ்வளவு நகர வேண்டும் என்று சொல்லும் வரைபடமாகத் தனியாக ஒரு பிஎஸ்டி (போட்டோஷாப்பின் சொந்த வடிவம்) கோப்பைக் கேட்கும். அதில் நடுச்சாம்பல், அதாவது 128 என்ற மதிப்பு உள்ள இடத்தில் படம் அசையாது. கருமை ஒரு பக்கமும் வெண்மை எதிர்ப்பக்கமும் பிக்சல்களைத் தள்ளும். அளவு 100 என்றால் அதிகபட்சம் 128 பிக்சல் நகரும். இந்தக் கணக்கு பிடிபட்டுவிட்டால் எந்தக் கண்ணாடியையும் நீங்களே வார்க்கலாம்.

இப்போது விளம்பரங்களில் அதிகம் காணும், வரிவரியாகப் பட்டைகள் கொண்ட வரிக்கண்ணாடியையே எடுத்துக்கொள்ளுங்கள். கருப்பிலிருந்து வெள்ளைக்குப் போகும் கிரேடியன்ட் பட்டைகளை நெருக்கமாக நிரப்பி, அவற்றை மங்கலாக்காமல் அப்படியே பிஎஸ்டியாகச் சேமித்து, கிடைமட்டம் 20, செங்குத்து 0 என்று கொடுங்கள். ஒவ்வொரு பட்டையின் விளிம்பிலும் முகம் துண்டாகி இடம் மாறும். கிளாஸின் நான்கு பரப்புகளில் எதுவும் இதைத் தராது. கூடுதல் உழைப்புதான், இருந்தாலும் என் ஓட்டு டிஸ்பிளேஸுக்கே.

காசு கொடுக்க விரும்பாதவர்களுக்கு கிம்ப் என்ற இலவசப் படத்திருத்த மென்பொருள் இருக்கிறது. அதன் டிஸ்பிளேஸ், திறந்திருக்கும் லேயரையே (பட அடுக்கையே) வரைபடமாக ஏற்றுக்கொள்ளும், முன்னோட்டமும் காட்டும். இந்த இரண்டிலும் போட்டோஷாப் பின்தங்கித்தான் நிற்கிறது. கிம்பிலேயே உள்ள ‘கிளாஸ் டைல்’ சதுரக் கண்ணாடிக் கற்களுக்கு மட்டும். ‘அப்ளை லென்ஸ்’ உருண்டைக் கண்ணாடியைத் தரும், வேறெதற்கும் ஆகாது.

எதைப் பயன்படுத்தினாலும் வளைவுதான் கிடைக்கும், பளபளப்பு கிடைக்காது. அதற்கு அதே பட்டைகளைப் படத்தின் மேல் ஒரு லேயராக வைத்து, ‘சாஃப்ட் லைட்’ என்ற கலப்பு முறையில் ஒளிபுகாமையை 20 சதவீத அளவுக்குக் குறைத்துவிட வேண்டும்.